தக்கை போட்ட காது

"முதல்ல ஒண்ணு கேட்டுக்கறேன். உங்க ரெண்டு பேர் காதுலயும் தக்கை இருக்குதா?"

"இல்லீங்கய்யா," என்றாள் ரெஹானா.

"இல்லீங்கய்யா," என்றாள் கோதையும். ரெஹானா சொல்லி முடிப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள். எங்கே தன் முகத்தைப் பார்த்துவிடுவாரோ என்ற அவசரம்.

திரையில் இருந்த நாகரத்தினம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 'கேக்குதா' என்ற இணையக் குழுவை நடத்துகிறவர். யாருடைய குரலைப் பெற்ற பிள்ளைகளோ கட்டிய கணவனோ தங்கள் காதில் விழாதபடி அடைத்துவிட்டார்களோ, அவர்கள் கூடிப் பேசும் இடம் அது. வெளியாட்கள் உள்ளே வர வேண்டுமென்றால் இவரைத் தாண்டித்தான் வரவேண்டும்.

"கோவிச்சுக்காதீங்க தங்கச்சிங்களா. ஆராய்ச்சின்னு வர்றீங்க, நல்லது. ஆனா எங்காளுங்க பேச்சைக் கேக்க வர்றவங்க காது திறந்திருக்கணும். வேற ஒண்ணும் நாங்க கேக்கலை. என் கதையவே எடுத்துக்கங்க. ஒண்டிப்புதூரு, சிங்காநல்லூருன்னு கத்திக் கத்திச் சம்பாதிச்சேன். அந்தச் சோத்தைத் தின்னவனுங்கதான் அப்பன் குரலு தலைவலிங்கறானுங்க."

"ஐயோ பாவம்," என்றாள் ரெஹானா.

"பாவமெல்லாம் வேண்டாம், சாமி. இங்க ஒரு வழக்கம் இருக்கு. யாரு பேசிப் போட்டாலும், முழுசாக் கேட்டவங்க ஒருத்தராவது 'கேட்டுச்சு'ன்னு சொல்லணும். கேக்காம சொல்லக்கூடாது. அது மட்டும் இருந்தா போதும். சரி, ரைட். போலாம்!"

அவர் மறைந்ததும் ரெஹானா சிரித்தாள். "டிக்கெட் கிடைச்சிருச்சுடி."

கோதையும் சிரித்தாள். வலது காதுக்குள் அரிசிமணி அளவில் உட்கார்ந்திருந்த தக்கை அன்றைக்கு என்னவோ கல் மாதிரி கனத்தது.

தக்கை முதலில் வந்தது இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்களுக்காக. லாரி ஹாரனை அடைக்கும், பக்கத்து வீட்டுச் சண்டையை அடைக்கும். பிறகு ஒருவருடைய குரலை மட்டும் தனியாக அடையாளம் கண்டு அடைக்கிற வகை வந்தது. அந்தக் குரலின் மாதிரியைக் கொஞ்சம் கொடுத்துவிட்டால் போதும். ஒரு காதில் போட்டாலே இரண்டு காதுக்கும் வேலை செய்யும். நேரில் பேசினாலும் போனில் பேசினாலும் அந்த ஒரு குரல் காதுக்குப் போகாது. மற்ற உலகமெல்லாம் கேட்கும். அடைக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. காதுக்குள் ஆழமாக உட்கார்ந்திருப்பதால் வெளியே தெரியாது. எடுப்பதற்கென்று ஒரு காந்தக் குச்சி கூடவே கொடுப்பார்கள்.

கோதை தக்கை போட்டது ஹாஸ்டலுக்கு வந்த புதிதில். அவள் அம்மா உடுமலையில் மாவு அரைத்து விற்கிறவள். கிரைண்டர் ஓடுகிற வீட்டில் மெதுவாகப் பேசினால் வேலைக்காகாது. அந்தக் குரல் போனிலிருந்து வழிந்து அறை முழுக்கக் கேட்கும். "அம்மிணீ, தின்னுட்டயா? வெளிக்கி ஒழுங்காப் போவுதா?" அறையிலிருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருத்தி அதே குரலில் அதே கேள்வியைக் கேட்டாள். கூடமே சிரித்தது. அந்த வாரமே கோதை தக்கை வாங்கினாள். காதுக்குள் பொருந்தும் ஹெட்செட்டும் வாங்கினாள், வேறு யாருக்கும் கேட்காமலிருக்க. தனக்கும் கேட்காமலிருக்கத்தான் தக்கை.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அம்மா கூப்பிடுவாள். கோதை ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மடிக்கணினியில் வேலை பார்ப்பாள். நடுநடுவே "ம்" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து "சரிம்மா" என்பாள். முடிக்கும்போது "நல்லா சாப்பிடும்மா, உடம்பைப் பாத்துக்கோ". லைன் அறுந்ததும் சின்னதாக மணி அடிக்கும். ஊருக்குப் போகும்போது மட்டும் தக்கையைக் கழற்றிவிடுவாள். நான் ஒன்றும் அவ்வளவு மோசமானவள் இல்லை என்று சொல்லிக்கொள்ள அது உதவியது. போன பொங்கலுக்கு ஆய்வு வேலை என்று ஊருக்கும் போகவில்லை.

"உங்கம்மாகிட்ட எம்புட்டுப் பொறுமையாப் பேசறடி," என்று அறைத்தோழியாக வந்த ரெஹானா ஒருநாள் சொன்னாள். "நானெல்லாம் எங்கம்மா வாயத் தொறந்தாலே மல்லுக்கு நிக்கிறேன்."

அதற்கும் கோதை "ம்" என்றுதான் சொன்னாள்.

'தக்கைக் காலத்துக் குடும்பங்கள்' என்று ஆய்வுக்குத் தலைப்பு வைத்தது கோதைதான். குழுவில் போட்ட அழைப்பை எழுதியதும் அவள்தான். உங்கள் குரலைக் கேட்கக் காத்திருக்கிறோம் என்று எழுதி, கீழே பூங்கோதை, ரெஹானா என்று இரண்டு பெயரும் போட்டு, இருவர் படமும் வைத்திருந்தாள். பேராசிரியர் பாராட்டினார். அவர் சில விதிகளும் போட்டார். பேட்டிக்கு இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும். பேசுகிறவர் விரும்பினால் குரலை மாற்றிக் கொடுக்கலாம். பேசுகிறவர் போதும் என்று சொல்லும்வரை இவர்கள் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது.

வந்தவர்கள் எல்லோருமே குரலை மாற்றிக்கொண்டுதான் பேசினார்கள். கரூர்க்காரம்மா ஒருத்தி, அதிகாரி போன்ற கனத்த ஆண்குரலில், கணவன் தன்னை அடைத்த கதையைச் சொன்னாள். கோதை கண்கலங்கக் கேட்டாள். குழுவில் கோதையைப் பற்றி நல்ல பெயர் பரவியது. அந்தப் பொண்ணு கேக்கற மாதிரி யாருமே கேட்டதில்லை என்று எழுதினார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் கோதைக்குக் காதுமடல் சுட்டது.

கடைசியாகப் 'பொன்னரளி' என்ற பெயரில் ஒரு செய்தி வந்தது. 'நானும் பேசறேன். குரல் மாத்த வேண்டாம். என் குரலாவே இருக்கட்டும்.'

"தைரியசாலிடி," என்றாள் ரெஹானா.

பேட்டி பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. துறையின் ஒலிப்பதிவு அறை சின்னது. ஒரு மேசை, ஒரு மைக், இரண்டு ஹெட்செட். இணைப்பு வந்ததற்கான பச்சை விளக்கு எரிந்தது.

"வணக்கம்மா. நான் கோதை பேசறேன். கேக்குதுங்களா?"

பதில் இல்லை.

"அம்மா? கேக்குதா?"

ஒன்றுமில்லை. பின்னால் எங்கோ இரைச்சல் மட்டும்.

ரெஹானா அவளை வியப்பாகப் பார்த்தாள். பிறகு மைக்கை இழுத்து, "இருக்கோம்மா, இருக்கோம். நான் ரெஹானா. ஆங், நல்லாக் கேக்குது உங்க குரல்," என்றாள். மைக்கை அடைத்துக்கொண்டு கோதையிடம், "யாராச்சும் இருக்கீங்களான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. நீ பேசினது அவங்களுக்குப் போகலை போல. உனக்கும் அவங்க பேசறது கேக்கலையா?"

"இல்லையே."

"உன் ஹெட்செட்டு போச்சு. போற பக்கமும் போச்சு, வர்ற பக்கமும் போச்சு. இரு, ஸ்பீக்கர்ல போடறேன்."

ஸ்பீக்கரில் போட்டாள். இரைச்சல் அறைக்குள் வந்தது. கிரைண்டர் ஓடுகிற இரைச்சல். அதற்கு மேலே எதுவுமில்லை. ஆனால் ரெஹானா தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், "ஆமாம்மா, ஆமாம்மா," என்று.

இந்த உலகத்தில் கோதைக்குக் கேட்காத குரல் ஒன்றே ஒன்றுதான்.

"இப்பக் கேக்குதுல்ல?" என்றாள் ரெஹானா.

எழுந்து ஓடிவிடலாம். ஆனால் துண்டிக்கக் கூடாது. காந்தக் குச்சி பைக்குள்தான் இருந்தது, எடுத்தால் ஒரு நொடி வேலை. அந்த ஒரு நொடி ரெஹானா பார்த்துவிடுவாள். நாகரத்தினத்திடம் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும்.

"சளி புடிச்சு காது அடைச்சிருக்குடி," என்றாள் கோதை. "சரியாக் கேக்க மாட்டேங்குது. நீயே கேளு. அவங்க சொல்றதை அப்படியே சொல்லிட்டு வா, குறிச்சுக்கறேன்."

"அதான் பதிவாகுதே?"

"சொல்லேன்டி."

"சரி தாயே." ரெஹானா மைக்கைத் திறந்தாள். "உங்களை அடைச்சவங்க யாரும்மா?"

இரைச்சல். ரெஹானாவின் முகம் கனிந்தது. மைக்கை அடைத்தாள். "'என்ர புள்ளைங்'ன்னு சொல்றாங்க. அழகா இருக்குடி பேச்சு. உங்க ஊர்ப் பக்கமா இருக்கும். ஒத்தைப் புள்ளையாம். அப்பா இல்லாத வீடாம்."

"ம்."

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

இந்த முறை நீண்ட நேரம் ஆயிற்று. கிரைண்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. ரெஹானாவின் புருவம் நெளிந்தது, வாய் திறந்தது, பிறகு ஒரு சிரிப்பு வந்து பாதியிலேயே நின்றுபோனது.

"என்ன சொல்றாங்க?"

"இருடி. வயித்துல கட்டியாம். எடுக்கணும்னுட்டாங்களாம். பொண்ணுகிட்ட போன்ல சொல்லியிருக்காங்க. நாளைக்கு ஆபரேசன், பயமா இருக்குது, நீ வந்து நின்னாப் போதும் கண்ணுன்னு. அந்தப் புள்ள என்ன சொல்லுச்சாம் தெரியுமா? 'சரிம்மா, நல்லா சாப்பிடு'ன்னு சொல்லி வெச்சிருச்சாம். டாக்டரு பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு. இவ நல்லா சாப்பிடுங்கறாளேன்னு நெனச்சேன்னு சொல்லிச் சிரிக்கிறாங்க. எப்படித்தான் சிரிக்க முடியுதோ."

கோதையின் பேனா தாளில் ஒரே இடத்தில் நின்றது. மை பரவியது.

"ஆபரேசன் எப்போ? எப்போன்னு கேளு. இப்ப எப்படி இருக்காங்கன்னு கேளு."

"அது நம்ம கேள்வியிலேயே இல்லையேடி."

"கேளு!"

ரெஹானா கேட்டாள். "போன ஆடியிலயாம். இப்பப் பரவாயில்லையாம். ஆஸ்பத்திரியில சொந்தக்காரங்க கையெழுத்து வேணும்னு சொல்லியிருக்காங்க. இவங்ககிட்ட மாவு வாங்கற டீக்கடை அண்ணன் வந்து போட்டாராம். தையல் பிரிச்சு நாளாச்சு, மாவுக்குண்டா மட்டும் தூக்க முடியலைன்னாங்க."

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோதை என்ன செய்துகொண்டிருந்தாள்? யோசித்துப் பார்த்தாள். நினைவே இல்லை. 'ம்' என்று சொன்ன நாளெல்லாம் ஒரே நாளாகத்தான் இருந்தது.

"அதுக்கப்புறந்தான் சோதிச்சுப் பாத்தாங்களாம்," என்று ரெஹானா தொடர்ந்தாள். அவள் குரலில் மறுபடி சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அடுத்த வாரம், 'அம்மிணி, நம்மூட்டுக்குள்ள யானை பூந்துருச்சு'ன்னு சொன்னாங்களாம். 'ம்'னுச்சாம். 'ஊட்டை வித்துப்போட்டேன்'னாங்களாம். 'சரிம்மா'ன்னுச்சாம். அப்புறம் ஒரு வாரம், 'நான் செத்துப் போயிட்டேன் கண்ணு'ன்னு சொன்னாங்களாம். அதுக்கு அந்தப் புள்ள..."

ரெஹானா நிறுத்தினாள்.

ஸ்பீக்கர் இரைந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் யாரோ இன்னும் பேசிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ரெஹானாவின் கண் ஸ்பீக்கரிலிருந்து நகர்ந்து கோதையின் முகத்துக்கு வந்தது. முகத்திலிருந்து காதுக்குப் போனது.

"அந்தப் புள்ள," என்றாள் மெதுவாக, "'ம், சரிம்மா. நல்லா சாப்பிடும்மா, உடம்பைப் பாத்துக்கோ'ன்னுச்சாம்."

கோதை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை," என்றாள் ரெஹானா, "பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு இதைத்தானடி நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்? உன்னைப் பாத்துட்டு, எங்கம்மாகிட்ட ஏன் இப்படிச் சண்டை போடறோம்னு அழுதேன்டி ஒருநாள். லூசு மாதிரி அழுதேன்."

"ரெஹானா..."

"பேசாத."

அவள் மைக்கைத் திறந்தாள். குரல் மாறியிருந்தது. படித்துச் சொல்கிற மாதிரி பேசினாள். "அம்மா, குரலை மாத்தித் தர்றோம்னு சொன்னோமே, ஏன் வேண்டாம்னுட்டீங்க?"

இரைச்சல். ரெஹானா மைக்கை அடைக்கவில்லை, கோதையைப் பார்க்கவும் இல்லை. அந்தப் பக்கத்துக்கும் கேட்கும்படியே சொன்னாள். "வேற குரல்ல பேசியிருந்தா அவ கேட்டிருப்பா. ஆனா கேக்கறது என்னை இல்லையேன்னு சொல்றாங்க."

கோதை பைக்குள் கைவிட்டாள். காந்தக் குச்சி அகப்படாமல் அடியில் நழுவியது. எடுத்து, ரெஹானாவின் கண்ணெதிரிலேயே காதுக்குள் விட்டு இழுத்தாள். சின்னதாக ஒரு சொடுக்கு. தக்கையை மேசைமேல் வைத்தாள். பழுப்பேறிய அரிசி மாதிரி கிடந்தது.

"கடைசிக் கேள்விம்மா," என்றாள் ரெஹானா. "உங்க பொண்ணு இப்ப இதைக் கேட்டுட்டிருந்தா, என்ன சொல்லுவீங்க?"

கோதை ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள். கிரைண்டர் சத்தம். வேறொன்றுமில்லை. தக்கை சரியாக வெளியே வரவில்லையோ என்று காதைத் தடவிப் பார்த்தாள்.

"அவங்க ஒண்ணும் சொல்லலை," என்றாள் ரெஹானா. "நெசமாவே சும்மாத்தான் இருக்காங்க."

கிரைண்டர் நின்றது. பிறகு அந்தக் குரல் அறையை நிரப்பியது. பழைய அதே குரல். அடிவயிற்றிலிருந்து வருகிற, கூடத்தையே சிரிக்க வைத்த குரல். இப்போது கொஞ்சம் கரகரத்திருந்தது.

"அதுக்கு என்னத்தைங் சொல்றது? ஒண்ணுந் தோணலீங் கண்ணு. சொல்லோணும் சொல்லோணும்னு இருந்ததெல்லாம் சொல்லியே தீந்துபோச்சாட்ட இருக்குது."

"அம்மா!" கோதை மைக்கை இழுத்தாள். "அம்மா, நான்தாம்மா. கழட்டிட்டேம்மா. எனக்குத் தெரியாதும்மா, ஆபரேசன்னு தெரியாதும்மா. பொங்கலுக்கு வந்திருக்கணும். எல்லாரும் சிரிச்சாங்கன்னு போட்டேன். அப்புறம் அதுவே பழகிப்போச்சு. திட்டும்மா. வாயில வந்ததைச் சொல்லித் திட்டு..."

"ஏனுங் ரெஹானாக் கண்ணு, இருக்கறீங்ளா? சத்தத்தையே காணோம். லைனு போயிருச்சுங்ளா?"

கோதை மைக்கைத் தட்டிப் பார்த்தாள்.

"இல்லம்மா," என்றாள் ரெஹானா. "லைன் இருக்கு. கோதை பேசறா. அழுதுக்கிட்டே உங்ககூடப் பேசறா. கேக்கலையா?"

"பேசறாளா?" என்றது அந்தக் குரல், முதல் தடவையாக மெதுவாக. "எனக்குக் கேக்காது, சாமி. நானும் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டேனுங். அழைப்புல அவ படத்தைப் பாத்துப்போட்டு, இந்தப் பேட்டிக்குன்னுதான் போட்டது. அவ குரலு காதுல உழுந்தா, 'தின்னுட்டயா அம்மிணி'ன்னுதான் என்ர வாயி வரும். சொல்ல வந்ததை முழுங்கிப் போடுவேன். கடைக்காரப் பையன் குரல் மாதிரி வேணும்னான். என்ர போன்ல அவ பேசிப் பதிவாயிருந்ததெல்லாம் 'ம், சரிம்மா'தானுங். அதையே குடுத்தேன். அதுவே போதும்னுட்டான்."

அப்படியானால் போனது ஹெட்செட் இல்லை. இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு இரண்டு பேர் பேசியிருக்கிறார்கள். நடுவில் ரெஹானா ஒருத்திதான் காது.

"கழட்டச் சொல்லு ரெஹானா," என்றாள் கோதை. "கழட்டச் சொல்லுடி."

"அம்மா, அதைக் கழட்டச் சொல்றா."

"கழட்டறதுக்கென்னங், குச்சி இங்கதான் இருக்குது. நாளைக்குக் கழட்டலாம், நாளான்னிக்குக் கழட்டலாம். இன்னைக்கு வேண்டாமுங். இன்னைக்கு அவ அழுவறதைக் கேட்டா, நான் சமாதானம் சொல்லப் போயிருவேன்."

கோதை கண்ணைத் துடைத்தாள். "கேட்டுச்சுன்னு சொல்லு. எல்லாமே கேட்டுச்சுன்னு சொல்லிடு."

ரெஹானா அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

"அது கேட்டவங்க சொல்ற வார்த்தைடி. கண்டக்டரய்யா சொன்னாரே, மறந்துட்டியா? இன்னைக்குக் கேட்டது நான்."

மைக்கில் குனிந்து, "அம்மா, கேட்டுச்சு," என்றாள்.

"சந்தோசமுங் கண்ணு. நல்லா இருங்க. பேட்டி முடிஞ்சுதுங்ளா?"

"நீங்க போதும்னு சொன்னாத்தாம்மா முடியும். நாங்களா வெக்கக் கூடாது."

"அப்பிடீங்ளா?" அந்தக் குரல் யோசித்தது. "அப்ப அது பாட்டுக்கு இருக்கட்டும். மாவு வழியுது, அள்ளி வெச்சுட்டு வர்றேன்."

ரெஹானா எழுந்தாள். கதவருகில் நின்று, "கண்டக்டரய்யாகிட்ட யாரு சொல்றது? நீயா, நானா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே போய்விட்டாள்.

ஸ்பீக்கரில் குண்டா இழுபடும் சத்தம் கேட்டது. தண்ணீர் கொட்டியது. யாரோ மாவு வாங்க வந்தார்கள். "பாத்திரம் கொண்டாராம வந்துட்டு என்னைய முறைச்சா ஆச்சா?" என்று அம்மா அதட்டினாள். வந்தவர் சிரித்தார். அவர் போனபிறகு அம்மா தனக்குத்தானே பேசத் தொடங்கினாள், வீட்டில் ஆளில்லாதவர்கள் பேசுகிற மாதிரி. உளுந்து இந்தத் தடவை சரியில்லை என்றாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லியிருக்க வேண்டும், "அப்பா, முருகா" என்றாள். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது, ஒன்று மட்டும் வெள்ளை என்றாள்.

கோதை நாற்காலியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தையும் விட்டுப்போகக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த வெள்ளைக் குட்டிய நாமளே வளத்தலாமாட்ட இருக்குது," என்றாள் அம்மா.

கோதையின் வாயிலிருந்து, அவளைக் கேட்காமலேயே, "ம்" என்று வந்தது.

சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.